மாலை வகுப்பில் அன்றாட ஆங்கிலச் சொற்கள்: வாரத்துக்கு எத்தனை, எந்த வரிசையில்?

பெரம்பூர்_மாலைவகுப்பு
திங்கள், இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்வழியில் 2, 3ஆம் வகுப்பு படிக்கும் 12 பிள்ளைகள். வாரத்துக்கு 4 நாள், அதில் ஆங்கிலத்துக்கு நாளொன்றுக்கு 20 நிமிஷம் ஒதுக்க முடியும். 'ஏ ஃபார் ஆப்பிள்' தொடங்கி கடைசி எழுத்துவரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். பழம் பத்து, மிருகம் பத்து, நிறம் பத்து மனப்பாடம். ஆனால் "பிரிங் த ரெட் பேக்" என்றால் ஒரு பிள்ளையும் எழுந்திருப்பதில்லை.

வாரத்துக்கு எத்தனை புதுச்சொல் தாங்கும்? எதில் ஆரம்பிப்பது? தமிழில் அர்த்தம் சொல்லலாமா? எழுத்துக்கூட்டல் எப்போது? பெற்றோரில் பாதிப் பேருக்கு மேல் ஆங்கிலம் தெரியாது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


சொற்கூடை
திங்கள், இரவு 10:02

வாரத்துக்கு 8 சொல். அதுக்கு மேல வேண்டாம். கணக்கு இதுதான்: உங்க கையில வாரத்துக்கு 80 நிமிஷம் இருக்கு. ஒரு சொல் குழந்தையிடம் தங்கணும்னா வேற வேற வாக்கியத்தில் பத்துத் தடவையாவது காதில் விழணும், வாயில் வரணும். 8 சொல்லுக்கு 80 தடவை. அதோட பழைய சொற்களுக்கும் நேரம் வேணும். 20 சொல் எழுதிப் போட்டா ஒவ்வொண்ணும் நாலு தடவை கேட்டுட்டுப் போயிடும், அடுத்த வாரம் எதுவும் இருக்காது. வருஷத்தில் தேர்வு, மழை லீவு எல்லாம் கழிச்சு 30 வாரம் கிடைச்சாலும் 240 சொல். இந்த வயசுக்கு அது நிறைவான அளவு.

'ஏ ஃபார் ஆப்பிள்' எழுத்துப் பழகுறதுக்கான வரிசை. அங்கே சொல்லைத் தேர்ந்தெடுக்குறது முதல் எழுத்துக்காக, பிள்ளையின் தேவைக்காக இல்ல. அதனாலதான் இக்லூவும் யாக்கும் சைலஃபோனும் சார்ட்ல இருக்கு. வாளியும் துடைப்பமும் சாவியும் இல்ல.

எதில் ஆரம்பிக்கணும்னா, பிள்ளை வாயில் ஏற்கெனவே இருக்கிற ஆங்கிலத்தில். சென்னைப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்னு முதல்ல எண்ணிப் பாருங்க. நாலு சார்ட் பேப்பர், நாலு தலைப்பு: குளியலறை, சமையலறை, தெரு, பள்ளிக்கூடம். "நாம தமிழ்ல பேசும்போதே சொல்ற இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் சொல்லுங்க"ன்னு கேளுங்க. பக்கெட், மக், சோப்பு, டவல், பிரஷ், கேஸ், குக்கர், மிக்சி, பிளேட், ஸ்பூன், பஸ், ஸ்டாப், டிக்கெட், சிக்னல், கேட், பேக், பென்சில், போர்டு, பெஞ்ச்... 20 நிமிஷத்தில் நூறைத் தாண்டும். இது அத்தனையும் பெயர்ச்சொல்.

வினைச்சொல்லும் இருக்கு. அது 'பண்ணு'வுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. ஓபன் பண்ணு, க்ளோஸ் பண்ணு, லாக் பண்ணு, வாஷ் பண்ணு, கட் பண்ணு, மிக்ஸ் பண்ணு, ஸ்டாப் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு, வெயிட் பண்ணு, ஹெல்ப் பண்ணு, ஷேர் பண்ணு, கால் பண்ணு, ட்ரை பண்ணு, பேக் பண்ணு, பார்க் பண்ணு, க்ளீன் பண்ணு, செக் பண்ணு, பிரஸ் பண்ணு, புஷ் பண்ணு, ஜாயின் பண்ணு. இருபது ஆச்சு. 'பண்ணு'வை உரிச்சு எடுத்தா மிச்சம் இருக்கிறது சுத்தமான ஆங்கிலக் கட்டளை.

இப்போ பிள்ளைக்குப் புதுசா தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, வரிசை மாறுறது. தமிழ்ல வினை கடைசியில வரும், ஆங்கிலத்தில் முன்னாடி வரும். ரெண்டு பிள்ளைகளை முன்னாடி நிறுத்துங்க. ஒருத்தர் கையில் 'டோர்' படம், இன்னொருத்தர் கையில் 'க்ளோஸ்' படம். வகுப்பு தமிழ்ல "டோரை க்ளோஸ் பண்ணு"ன்னு சொல்லும்போது டோர் முதல்ல நிக்கட்டும். நீங்க கை தட்டினதும் ரெண்டு பேரும் இடம் மாறணும், வகுப்பு "க்ளோஸ் த டோர்"னு சொல்லணும். அப்புறம் டோரை எடுத்துட்டு கேட், பேக், பாக்ஸ், டேப்னு மாத்திக்கிட்டே போங்க. ஒரு வினைக்கு அஞ்சு பொருள்.

நடுவில் வர்ற 'த' பிள்ளைக்கு விழாது. நீங்க சரியா சொல்லிக்கிட்டே இருங்க, முதல் ரெண்டு மாசம் அதைத் திருத்தாதீங்க.


கரும்பலகை
செவ்வாய், காலை 6:40

மேடம் சொன்ன 'பண்ணு' வழி நல்ல வழி. ஒரு எச்சரிக்கை மட்டும். 'பண்ணு' ஒட்டியிருப்பதெல்லாம் வினை அல்ல. 'மிஸ்டேக் பண்ணு', 'ஹோம்வொர்க் பண்ணு' இரண்டிலும் இருப்பது பெயர்ச்சொல். அவற்றை உரித்தால் "மிஸ்டேக் த சம்" என்று தப்பாக முடியும். அவை 'மேக் எ மிஸ்டேக்', 'டூ த ஹோம்வொர்க்' என்று முழுத்தொடராகத்தான் போக வேண்டும். 'ஃபீல் பண்ணு' நம் பேச்சில் வருத்தப்படுவது. ஆங்கிலத்தில் ஃபீல் என்றால் உணர்வது அல்லது தொட்டுப் பார்ப்பது. மேடம் தந்த இருபதும் சிக்கல் இல்லாதவை, அதோடு நிறுத்துங்கள்.

பெயர்ச்சொல்லிலும் கண்ணிவெடி உண்டு. தமிழுக்குள் வந்தபின் பொருள் மாறிய சொற்கள்:

சில்வர். நம் வீட்டில் 'சில்வர் டம்ளர்' எவர்சில்வர். ஆங்கிலத்தில் அது ஸ்டீல். சில்வர் என்றால் வெள்ளி.
கவர். காய்கறிக் கடையில் கேட்கும் கவர் ஆங்கிலத்தில் பேக். கவர் என்பது மூடி, உறை, அட்டை.
ஹோட்டல். தோசை சாப்பிடும் இடம் ரெஸ்டாரன்ட். ஹோட்டலில் தங்குவார்கள்.
லீவு. பள்ளி மூடியிருந்தால் ஹாலிடே. நாம் அனுமதி கேட்டு எடுப்பதுதான் லீவ்.
கரண்ட். 'கரண்ட் போச்சு' என்பதற்கு "த பவர் இஸ் அவுட்" அல்லது "பவர் கட்".
ஸ்கெட்ச். ஸ்கெட்ச் பேனாவை நாம் பாதியாக வெட்டிவிட்டோம். தனியாக ஸ்கெட்ச் என்றால் வரைபடம்.
சுகர். பல வீடுகளில் "பாட்டிக்கு சுகர்" என்றால் நீரிழிவு நோய். ஆங்கிலத்தில் முதலில் அது சர்க்கரைதான். டப்பாவைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

இந்த ஏழையும் சார்ட்டில் வேறு நிறத்தில் எழுதுங்கள். 'தப்பு' என்று சொல்லாதீர்கள். வீட்டுப் பேச்சில் அது சரியான சொல்தான், அம்மா சொல்வது தப்பு என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லக்கூடாது. 'வீட்டுல இது, இங்கிலீஷ்ல அது' என்றால் போதும்.

இன்னொன்று. தமிழக அரசு 2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. உங்கள் 12 பேரில் யார் எந்த நிலை என்று பயிற்சி நூலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு அரும்புக் குழந்தையும் ஒரு மலர்க் குழந்தையும் ஜோடி சேர்ந்தால் இடம் மாறும் விளையாட்டு தடையில்லாமல் ஓடும்.


நாநுனி
செவ்வாய், மதியம் 1:25

சொல்லோட ஒலியை முதல் மாசத்திலேயே கவனிக்கணும். பழகினப்புறம் திருத்துறது கடினம். அதே சமயம் எல்லா ஒலியையும் ஒரே மூச்சில் திருத்தப் போனா பிள்ளை வாயே திறக்காது. நான் மூணை மட்டும் முன்னாடி வைப்பேன்.

முதலாவது, கடைசியில் ஒட்டுற உகரம். புக்கு, பஸ்ஸு, கேட்டு, கப்பு. காரணம் நம்ம இலக்கணத்திலேயே இருக்கு: தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால நாக்கு தானாகவே ஒரு 'உ'வைச் சேர்த்து முடிக்கும். "உ சொல்லாதே"ன்னு நூறு தடவை சொன்னாலும் போகாது. உயிரெழுத்தில் தொடங்குற சொல்லை அடுத்து வைங்க: 'கட் இட்', 'பிக் இட் அப்', 'புட் இட் ஆன்', 'லுக் அட் இட்'. மெய் அடுத்த உயிரோட ஏறிடும், உகரத்துக்கு இடமே இருக்காது. ஒரு வாரம் இப்படிச் சேர்த்தே சொல்லிட்டு, அப்புறம் தனிச் சொல்லா சொல்ல வைங்க.

ரெண்டாவது, பகரமும் ஃபகரமும். மேல்பல் கீழுதட்டைத் தொடணும், காற்று நிக்காம போகணும். பேப்பர் துண்டு ஒண்ணு, ஒரு விரல் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளம், உதட்டுக்கு முன்னாடி பிடிங்க. 'பேன்'னு சமையல் பாத்திரத்தைச் சொன்னா பேப்பர் வெடுக்குனு துள்ளும். 'ஃபேன்'னா மெல்ல ஆடும். நடுவில் தலைப்பேனும் வந்து சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அந்த வேறுபாடு அதிலேயே பதியும்.

மூணாவது, தொண்டை அதிர்வு. பேர், பேர். ஒண்ணு கரடி, இன்னொண்ணு ஒரு பழம். கோட், கோட். ஒண்ணு ஆடு, இன்னொண்ணு சட்டைக்கு மேல போடுறது. நான் தமிழ் எழுத்தில் எழுதினதும் ரெண்டும் ஒண்ணாயிடுச்சு பாருங்க. பிள்ளையின் நோட்டிலும் இதேதான் நடக்கும். அதனால ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதுற பழக்கத்தை அடியோட விட்டுடுங்க. தொண்டையில் விரல் வெச்சுச் சொல்லச் சொல்லுங்க. கரடிக்கு உதடு திறக்குறதுக்கு முன்னாடியே அதிரும், பழத்துக்கு அதிராது, காற்றுதான் முதல்ல வரும்.

'இஸ்கூல்', 'இஸ்பூன்' வந்தா 'ஸ்ஸ்ஸ்' பாம்புச் சத்தத்தை நீட்டி அப்படியே 'பூன்'ல இறக்குங்க. எக் 'யெக்' ஆகுறதை இந்த வருஷம் விட்டுடுங்க.


பெரம்பூர்_மாலைவகுப்பு
செவ்வாய், இரவு 9:30

நன்றி சார், மேடம். உடனே ஒரு சந்தேகம். வாரம் ஒரு தலைப்பு என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் பழங்கள் 8, அடுத்த வாரம் நிறங்கள் 8, அதற்கடுத்து உடல் உறுப்பு 8. கடையில் விற்கும் சார்ட்டும் அப்படித்தானே இருக்கிறது?


சொற்கூடை
செவ்வாய், இரவு 10:15

சார்ட் அப்படி இருக்கிறது அச்சடிக்கிறவர் வசதிக்கு. ஒரே ஜாதிச் சொற்களை ஒரே நாள்ல கொடுத்தா ஒண்ணோட ஒண்ணு குழம்பும். லெஃப்ட்-ரைட், ஹாட்-கோல்ட், ட்யூஸ்டே-தர்ஸ்டே இதெல்லாம் வருஷக்கணக்கா குழம்புறதுக்குக் காரணமே ஜோடியா சொல்லிக் கொடுத்ததுதான். பிள்ளைக்கு ரெண்டு சொல்லும் தெரியும், எது எதுன்னு தெரியாது. மொழிக் கற்றல் ஆய்வாளர்கள் தாமஸ் டிங்கம் 1993லயும் ராப் வாரிங் 1997லயும் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. பொருளால நெருங்கின சொற்களைச் சேர்த்துப் படிக்கும்போது மனசில் ஏற அதிக நேரம் பிடிச்சுது.

ஜோடியில் ஒண்ணை முதல்ல கொடுங்க. அது உறுதியான பிறகு, ரெண்டு மூணு வாரம் கழிச்சு மத்தது. முதல் மாசம் முழுக்க ஹாட் மட்டும். நிறமும் அப்படித்தான், ஒரு வாரத்துக்கு ஒண்ணு. சென்னையில் நிறத்துக்கு ஆவின் பாக்கெட்டை விட நல்ல பாடப்பொருள் இல்ல. நீலப் பாக்கெட், பச்சைப் பாக்கெட், ஆரஞ்சுப் பாக்கெட்னு கடைக்குப் போற பிள்ளைக்கு ஏற்கெனவே வேறுபாடு தெரியும். காலிப் பாக்கெட்டைக் கழுவிக் காயவெச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இந்த வாரம் 'ப்ளூ', அடுத்த வாரம் 'கிரீன்'.

தலைப்புக்குப் பதிலா காட்சி எடுங்க. ஒரு காட்சியில் பொருள், செயல், தன்மை எல்லாம் கலந்து வரும், ஒண்ணோட ஒண்ணு மோதாது. எலுமிச்சை ஜூஸை விரிவா சொல்றேன், இதே அச்சில் மத்ததை நீங்களே செஞ்சுக்கலாம்.

12 பேரை நாலு நாலு பேரா மூணு குழு ஆக்குங்க. குழுவுக்கு ஒரு நடுத்தர எலுமிச்சை, அரை லிட்டர் குடிதண்ணி, 4 மேஜைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சொம்பு, ஒரு ஸ்பூன், 4 பேப்பர் கப். கத்தி உங்க கையில மட்டும். தெரிஞ்ச சொற்கள்: லெமன், வாட்டர், சுகர், ஸ்பூன், கப், கட், மிக்ஸ். புதுசு எட்டு: ஹாஃப், ஸ்க்வீஸ், சீட், போர், ஸ்டர், டேஸ்ட், ஸ்வீட், மோர்.

முதல் நாள் பழமே வேண்டாம். காலிக் கப், காலி சொம்பு. நீங்க சொல்லிக்கிட்டே செய்யணும், அவங்க பார்த்துச் செய்யணும், பேச வேண்டாம். "போர் த வாட்டர். ஸ்டர். ஸ்டர். ஸ்டாப். டேஸ்ட் இட்." மூணு சுற்று. மூணாவது சுற்றில் வரிசையைக் கலைச்சுச் சொல்லுங்க, நீங்க கையை அசைக்காதீங்க. யார் சொல்லைக் கேட்டுச் செய்றாங்க, யார் பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்றாங்கன்னு அப்பதான் தெரியும். உடலோட சேர்த்துக் கேட்டுப் பழகுற இந்த முறையை ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்தார். பேச அவசரப்படுத்தாம இருக்கிறதுதான் அதில் உயிர்.

ரெண்டாம் நாள் நிஜ ஜூஸ். இப்போ கட்டளை போடுறது பிள்ளைகள், செய்றது நீங்க. "கட் த லெமன்"னு அவங்க சொன்னாதான் நீங்க வெட்டணும். விதை விழுந்தா "எ சீட்! டேக் இட் அவுட்." சர்க்கரை கரையுறவரை "ஸ்டர், ஸ்டர்"னு இருபது தடவை தானா வரும், நீங்க பயிற்சி கொடுக்கவே வேண்டாம். முதல்ல ரெண்டே கரண்டி சர்க்கரை போடுங்க. குடிச்சுப் பார்த்துட்டு முகம் சுளிப்பாங்க. "மோர் சுகர், ப்ளீஸ்" அங்கதான் பிறக்கும். மோர்னதும் யாராவது ஒரு பிள்ளைக்குத் தயிர் கடைஞ்ச மோர் ஞாபகம் வரும். அது நல்லதுக்குத்தான், இனிமே மறக்காது. 'சவர்'ங்கிற சொல்லை இந்த வாரம் சொல்லாதீங்க, ஸ்வீட்டோட மோதும்.

மூணாம் நாள் ஆறு படம் வரைஞ்சு கலைச்சுப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்க, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்கியம்.

நாலாம் நாளைப் பலரும் விட்டுடறாங்க. அதே எட்டுச் சொல்லை எலுமிச்சையை விட்டு வெளியே கொண்டுபோகணும். "ஸ்க்வீஸ் த வெட் க்ளாத்", "போர் த வாட்டர் இன் த பக்கெட்", "ஹாஃப் எ தோசை", "ஸ்டர் த டீ". இதைச் செய்யலேன்னா ஸ்க்வீஸ்னா எலுமிச்சம்பழம்னே பிள்ளை நினைச்சுக்கும்.


வடபழனி_அம்மா
புதன், காலை 11:05

வணக்கம் மேடம். என் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா. எனக்கு இங்கிலீஷ் பேச வராது. நான் தப்பா சொல்லிக் கொடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு. வீட்ல நான் என்ன செய்யலாம்?


சொற்கூடை
புதன், மதியம் 12:20

நீங்க சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்மா. அவ சொல்லட்டும், நீங்க செய்ங்க. "சிட்", "ஓபன் த விண்டோ", "கிவ் மீ த ஸ்பூன்"னு அவ கட்டளை போடணும், உங்களுக்குப் புரியலேன்னா தமிழ்ல "அப்படின்னா?"னு கேளுங்க. அவ செஞ்சு காட்டி விளக்குவா. அவளுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்ல. நாளைக்கு அஞ்சு நிமிஷம் போதும், துணி மடிக்கும்போதோ பாத்திரம் அடுக்கும்போதோ. நோட்டை வாங்கிப் பார்த்து ஒப்பிக்கச் சொல்லாதீங்க.

வெளியே போகும்போது எழுத்து தேடச் சொல்லுங்க. கடைக் கதவில் புஷ், புல். சினிமா தியேட்டர்ல எக்சிட். கேட்ல நோ பார்க்கிங். மின்சார ரயில்ல அடுத்த ஸ்டேஷனைத் தமிழ்லயும் ஆங்கிலத்திலயும் அறிவிப்பாங்க. தமிழ் முடிஞ்சதும் ஆங்கிலத்தில் எந்தச் சொல் காதில் விழுந்துதுன்னு கேளுங்க.


கரும்பலகை
புதன், இரவு 8:45

தமிழ் அர்த்தம் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை. என் கருத்து: தமிழ் வேண்டும், ஆனால் சொல்லுக்குச் சொல் வேண்டாம், வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லுங்கள்.

'புட் = போடு' என்று நோட்டில் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். லைட்டைப் போடு: டர்ன் ஆன். சட்டை போடு: புட் ஆன். கோலம் போடு: ட்ரா. டீ போடு: மேக். சண்டை போடு: ஃபைட். ஊசி போடு: கிவ். குப்பையைத் தொட்டியில் போடு: இங்கேதான் புட் பொருந்தும். ஏழு இடத்தில் ஒரே தமிழ்ச் சொல், ஆங்கிலத்தில் ஆறேழு வினை. "புட் த டீ" என்று பிள்ளை சொல்வது அதன் குற்றம் அல்ல, நம் நோட்டின் குற்றம்.

'கேள்' இன்னும் மோசம். சத்தம் கேட்டது: ஹியர். கவனமாகக் கேள்: லிசன். டீச்சரைக் கேள்: ஆஸ்க். 'பார்' அப்படியே: சீ, லுக், வாட்ச். 'சாப்பிடு' என்றால் ஈட் என்று எழுதினால் "ஈட் த டேப்லட்" வரும், மாத்திரைக்கு டேக். பெயரிலும் உண்டு: கை என்றால் ஹேண்ட், ஆர்ம் இரண்டும், கால் என்றால் லெக், ஃபுட், விரல் என்றால் ஃபிங்கர், டோ. தலைகீழாகவும் உண்டு, நமக்கு நெல், அரிசி, சோறு மூன்று. அவர்களுக்கு அரிசிக்கும் சோற்றுக்கும் ரைஸ் ஒன்றே.

ஆகவே ஆங்கில வாக்கியம், உடனே அதன் தமிழ் மெல்லிய குரலில் ஒரே தடவை, மறுபடி ஆங்கில வாக்கியம். "டர்ன் ஆன் த லைட். லைட்டைப் போடு. டர்ன் ஆன் த லைட்." தமிழ் நடுவில் அடங்கிக் கிடக்க வேண்டும், கடைசிச் சொல்லாக நிற்கக்கூடாது. மூன்றாவது தடவைக்கு மேல் தமிழை விட்டுவிடுங்கள். சைகையாலேயே புரியும் சொல்லுக்கு அதுகூட வேண்டாம்.


வியாசர்பாடி_படிப்பகம்
வியாழன், காலை 7:15

இத்தனை சிரமம் எதற்கு? அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களின் டோல்ச் பட்டியல் இருக்கிறதே, 220 சொல். அதை மனப்பாடம் செய்தால் ஆரம்ப வகுப்புப் புத்தகத்தில் பாதிக்கு மேல் படித்துவிடலாமே.


சொற்கூடை
வியாழன், காலை 8:50

எட்வர்ட் டோல்ச் 1936ல் அதைத் தொகுத்தது ஆங்கிலத்தைத் தாய்மொழியாப் பேசுற பிள்ளைகள் வேகமா வாசிக்கிறதுக்காக. அந்தப் பிள்ளைக்கு 'வித்', 'ஃப்ரம்', 'வுட்' எல்லாம் காதில் ஏற்கெனவே இருக்கு, கண்ணுக்குப் பழக்கணும், அவ்வளவுதான். நம்ம பிள்ளைக்குக் காதிலேயே இல்ல. அந்த 220ல் பெயர்ச்சொல்லே கிடையாது, 95 பெயர்ச்சொல்லை அவர் தனியா வெச்சார். 'வித்'தைத் தனி அட்டையில் காட்டினா பிள்ளைக்கு ஒண்ணும் புரியாது. "ஸ்டர் இட் வித் எ ஸ்பூன்"ல அது தானா வரும்.

பட்டியல் கையில் இருக்கிறது உங்களுக்காக, பிள்ளைக்காக இல்ல. மைக்கேல் வெஸ்ட் 1953ல் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியல் சுமார் 2000 தலைச்சொல் கொண்டது. அவர் அந்நாள் வங்காளத்தில், டாக்காவில், நம்மைப் போல வேறு தாய்மொழிப் பிள்ளைகளோட வேலை செஞ்சவர். மாசக் கடைசியில் நீங்க கொடுத்த 32 சொல்லை அப்படி ஒரு பட்டியலோட ஒத்துப் பாருங்க. பாதிக்கு மேல அதில் இல்லேன்னா அபூர்வச் சொல் பக்கம் சாயுறீங்கன்னு அர்த்தம்.


வியாசர்பாடி_படிப்பகம்
வியாழன், காலை 9:30

சரிதான் மேடம், ஏற்றுக்கொள்கிறேன். பழைய சொல் மறக்காமல் இருக்க அட்டைப்பெட்டி முறையை நான் எழுதுகிறேன், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை போதும். கெட்டியானது, பின்பக்கம் வெறுமையாக இருக்கும். தபால் அட்டை அளவில், 14க்கு 9 சென்டிமீட்டர், வெட்டுங்கள். அச்சடித்த பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டிப் படம், வெறும் பக்கத்தில் சொல் வரும் ஒரு சிறு வாக்கியம். சொல்லை மட்டும் எழுதாதீர்கள். ஏ4 தாளில் செய்தால் பத்து நாளில் மடங்கிக் கிழியும், பின்பக்க எழுத்தும் முன்னால் தெரியும்.

செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய பெட்டியில் ஐந்து அறை. இந்த வயதுக்கு மூன்று போதும். செருப்பு டப்பாவில் இரண்டு தடுப்பு. முதல் அறை ஒவ்வொரு வகுப்பிலும், இரண்டாவது வாரம் ஒருமுறை, மூன்றாவது மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு. தப்பினால் முதல் அறைக்கு. ஒரு நாளில் 12 அட்டைக்கு மேல் எடுக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். முதல் அறையில் 20 அட்டைக்கு மேல் தேங்கிவிட்டால் அந்த வாரம் புதுச்சொல்லே கிடையாது.

வழக்கமாக நடக்கும் பிழை: ஒரே பிள்ளை எல்லாவற்றுக்கும் முந்திச் சொல்லிவிடும், அட்டையும் நகர்ந்துவிடும். பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு மூன்று எண்ணும் வரை காத்திருங்கள்.


நாநுனி
வியாழன், மாலை 5:10

எழுத்துக்கூட்டலைச் சுருக்கமா சொல்லிடறேன். காதுக்கும் வாய்க்கும் பழகுறதுக்கு முன்னாடி எழுத வைக்காதீங்க, ரெண்டு வாரமாவது போகட்டும். எழுத்தின் பெயர் வேற, ஒலி வேற. 'சி-ஏ-டி'ன்னு பெயரைச் சேர்த்தா 'கேட்' வராது. 'க்-ஆ-ட்'ங்கிற ஒலிகளைச் சேர்த்தாதான் அந்தப் பூனை கிட்ட வரும்.

வாரத்து எட்டில் ஒலிப்படி எழுதக்கூடிய மூணை மட்டும் எழுதச் சொல்லுங்க: கட், மக், டேப், வெட், பாட் மாதிரி மூணெழுத்துச் சொற்கள். போர், சுகர், ஹாஃப் இதெல்லாம் கண்ணால பார்த்து அடையாளம் சொன்னா போதும். பத்துத் தடவை எழுதிட்டு வான்னு இம்பொசிஷன் கொடுத்தா, பிள்ளை முதல் எழுத்தை வரிசையா பத்து, ரெண்டாம் எழுத்தை வரிசையா பத்துன்னு மேலேர்ந்து கீழே நிரப்பும். அங்கே சொல்லே இல்ல.


கரும்பலகை
வியாழன், இரவு 9:00

மாதச் சோதனையிலும் பேனா வேண்டாம். ஒரு பிள்ளைக்கு 20 இனம், ஆறு நிமிடம்: 10 கட்டளை கேட்டுச் செய்வது, 5 படம் பார்த்துச் சொல்வது, 5 பொருளைக் காட்டி ஒரு வாக்கியம் கேட்பது. செய்வதில் பத்துக்கு ஒன்பது, சொல்வதில் ஐந்துக்கு இரண்டு என்று வந்தால் கவலைப்படாதீர்கள், கேட்டல் முன்னே போவது இயல்பு. செய்வதிலேயே ஆறுக்குக் கீழே என்றால் அடுத்த வாரம் பழையதே ஓடட்டும்.

வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015 முதல் இலவசமாக இருக்கிறது. ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். நிலை 1 எடுங்கள். இன்று தமிழில் கதை, நாளை அதே படங்களோடு ஆங்கிலத்தில். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு கூட்டிப் போனால் படப்புத்தகம் கையில் புரளும்.


பெரம்பூர்_மாலைவகுப்பு
வெள்ளி, இரவு 9:40

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். வரும் திங்கள் தொடங்குகிறேன். முதல் வாரக் காட்சி குழாயடி. எட்டுச் சொல்: டேப், ஃபில், எம்ப்டி, ஃபுல், ஹெவி, லிஃப்ட், வெட், பிரிங். தெரிந்தவை: பக்கெட், மக், வாட்டர், ஓபன், க்ளோஸ், ஸ்டாப். சரியாக இருக்கிறதா மேடம்?


சொற்கூடை
வெள்ளி, இரவு 10:05

எம்ப்டியும் ஃபுல்லும் ஒரே வாரத்தில் வேண்டாம், மோதும். 'ஃபுல்' நம்ம பேச்சிலேயே இருக்கு, அதை வெச்சுக்கிட்டு எம்ப்டியை மூணாம் வாரத்துக்குத் தள்ளுங்க. அந்த இடத்தில் 'ஸ்பில்' போடுங்க, தண்ணி சிந்தாம இருக்காது. லிஃப்ட்னதும் மாடிக்குப் போற லிஃப்ட்தான் பிள்ளைக்கு ஞாபகம் வரும். வாளியைத் தூக்கிக் காட்டிட்டு, அதுவும் நம்மளைத் தூக்கிட்டுத்தானே போகுதுன்னு சொல்லிடுங்க. வாளி சின்னதா, 5 லிட்டர் எடுங்க. முக்கால்வாசி நிரம்பினாலே அந்த வயசுக்கு 'ஹெவி'தான்.